எண்ணிவிட்டுப் போவதும் திரும்பி வந்து கேட்பதும்

"வயசு போகுது மகள், இனி இப்பிடித்தான்."

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று வேலைக்காக நான் போய்வரும் ஊர்களில், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் உடம்பு எப்படி என்று கேட்டால் அநேகமாக இந்தப் பதில்தான் வரும். முழங்கால் நோவு, நித்திரையின்மை, நாலு படி ஏறினால் இளைப்பு, மறதி, காரணம் தெரியாத களைப்பு என்று எல்லாவற்றுக்கும் வயதையே காரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

ஆனால் இந்தப் பெண்கள் வயதை மட்டும் சுமந்து வந்தவர்கள் அல்லர். 1985 இலும் 1990 இலும் வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் ஓடியவர்கள், கணவனையோ மகனையோ காணாமல் தேடியவர்கள், 2004 டிசம்பர் 26 இல் கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள் இவர்கள். தமிழ்ப் பெண்ணானாலும் முஸ்லிம் பெண்ணானாலும் கரையோரத்தில் இந்தக் கதை ஒன்றுதான். அப்படியானால் இன்று அவர்கள் படும் வருத்தத்தில் வயதால் வந்தது எவ்வளவு? பட்ட பாட்டினால் வந்தது எவ்வளவு? தடுக்கக்கூடியது எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய ஆய்வுமுறை ஒன்று உண்டு. சமூகவியல் படித்த காலத்தில் அதனை நெடுங்கால ஆய்வு என்று படித்தோம். ஒரே மனிதர்களிடம் வருடக்கணக்காக, சில இடங்களில் தலைமுறை கடந்தும், திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதும் பரிசோதிப்பதும்தான் அது. அதில் தெரியவந்தவை எங்களுக்கு எவ்வகையில் பயன்படும் என்பதையே இங்கு சொல்ல விரும்புகின்றேன்.

ஒரு புள்ளியும் ஒரு கோடும்

பிள்ளை பெற்ற எல்லோருக்கும் நிறை அட்டை தெரியும். மருத்துவமாது பிள்ளையை நிறுத்து அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். ஒரு புள்ளியை மட்டும் பார்த்துப் பிள்ளை நன்றாக வளருகிறதா என்று சொல்ல முடியாது. மாதாமாதம் வைத்த புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால்தான் அது மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்று தெரியும்.

குடிசன மதிப்பீடும், வீடு வீடாக வந்து ஒரு தடவை போர்ம் நிரப்பும் கணக்கெடுப்பும் ஒரு புள்ளியைப் போன்றவை. நெடுங்கால ஆய்வு அந்தக் கோட்டைப் போன்றது. புள்ளி எத்தனை பேர் நோயாளிகள் என்று சொல்லும். அவர்கள் எப்படி நோயாளியானார்கள், யார் தப்பினார்கள், ஏன் தப்பினார்கள் என்பதைக் கோடுதான் சொல்லும்.

எங்கள் கரைக்குப் புள்ளி வைத்துப் போனவர்களில் முக்கியமான ஒரு குழுவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 2005 ஆம் ஆண்டில், அம்பாறைக் கரையோரத்தில் சுனாமியால் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த 13 முகாம்களில் ஜப்பானிய ஆய்வாளர் ஒருவரின் தலைமையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 859 குடும்பங்கள், 3,533 ஆட்கள். யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டார்கள். அந்தக் குடும்பங்களில் ஆண்கள் 100 பேருக்கு 8 பேர் அளவில் இறந்திருந்தார்கள். பெண்கள் 100 பேருக்கு 17 பேருக்கு மேல். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்ட. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரின் இறப்பு வீதம், இருபதுகளில் இருந்தவர்களைவிட இரண்டு மடங்கு. அலை வந்த நேரம் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது என்பதையும் அது காட்டியது.

அவர்கள் சொன்னது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எங்கள் துக்கம் எண்ணாக எழுதப்பட்டபோதுதான், பெண்கள் ஏன் அதிகமாக இறந்தார்கள் என்ற கேள்வியை உலகம் கேட்கத் தொடங்கியது. பிழைத்த பெண்கள் பத்து வருடம், இருபது வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. ஒரு புள்ளியால் அதற்கு விடை சொல்ல முடியாது. அந்த நாட்களில் எங்கள் வாசலுக்கு எத்தனையோ போர்ம்கள் வந்தன. "பேரை எழுதிக்கொண்டு போனாக்கள் ஒருத்தரும் திரும்பி வரல்ல" என்று மருதமுனையில் தறி நெய்த ஒரு ராத்தா என்னிடம் சொன்னது, பலருடைய பேச்சும்தான்.

பிரஷர் கூடுவது வயதின் குணமல்ல

நெடுங்கால ஆய்வுகளில் பேர்போனது அமெரிக்காவின் பிரமிங்ஹாம் என்ற சிறிய நகரத்தில் 1948 இல் தொடங்கியது. 30 முதல் 62 வயது வரையான 5,209 ஆண்களும் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்திற்கொரு தடவை பரிசோதனை. 1971 இல் அவர்களின் பிள்ளைகளும், 2002 இல் பேரப்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள்.

அது தொடங்கிய காலத்தில் பல வைத்தியர்களே வயது போகப் போகப் பிரஷர் கூடுவது இயல்பு, அது உடம்புக்குத் தேவையானது என்று நினைத்திருந்தார்கள். ஒரே ஆட்களை வருடக்கணக்காகப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பிரஷர் கூடியவர்களுக்கே பின்னர் மாரடைப்பும் பாரிசவாதமும் அதிகமாக வந்தன. கொலஸ்ட்ரோல், புகைத்தல், சீனி வருத்தம் ஆகியவையும் அப்படியே. ஆபத்துக் காரணி என்ற சொல்லே 1961 இல் இந்த ஆய்வாளர்களின் கட்டுரை மூலம்தான் வைத்திய உலகில் பரவியது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இருதய நோய் கூடுகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். நெஞ்சு நோவு ஆம்பிளைகளின் வருத்தம் என்று நினைத்து, வெற்றிலையோடு ஓமமும் மென்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும் எங்கள் உம்மாமார் இதனை அறிந்துகொள்ள வேண்டும்.

இன்று கிளினிக்கில் எங்கள் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்க்கிறார்கள் என்றால், அது ஏன் முக்கியம் என்று உலகுக்குச் சொன்னவர்களில் அந்த 5,209 பேரும் அடங்குவர்.

எங்களைப் போன்ற ஒரு கரை

பிரமிங்ஹாமில் யுத்தமும் இல்லை, கடலும் ஊருக்குள் வரவில்லை. எங்களுக்கு நெருக்கமான ஆய்வு இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் நடந்தது. அச்சேயும் முஸ்லிம் ஊர்கள் நிறைந்த கரைதான். மீன்பிடியும் நெல்லும்தான் அங்கும் வாழ்க்கை. 1976 முதல் 2005 வரை அங்கும் யுத்தம் நடந்தது. அதே 2004 டிசம்பர் 26 இல் அதே சுனாமி அங்கும் வந்தது.

சுனாமிக்குப் பத்து மாதங்களுக்கு முன்னர், 2004 இன் தொடக்கத்தில், அந்நாட்டு அரசாங்கம் வழமையான ஒரு குடும்பக் கணக்கெடுப்பை அங்கு நடத்தியிருந்தது. சுனாமிக்குப் பிறகு எலிசபெத் பிராங்கன்பேர்க், டங்கன் தோமஸ் என்ற ஆய்வாளர்களும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அதே ஆட்களைத் தேடிப் போனார்கள். ஏறக்குறைய 30,000 பேர். முகாம்களிலும் வேறு ஊர்களிலும் தேடிப் பெரும்பாலோரைக் கண்டுபிடித்தார்கள். தொடர்ந்து ஐந்து வருடம் வருடந்தோறும் போனார்கள். பின்னரும் போனார்கள்.

14 வருடங்களின் பின்னர் அவர்கள் செய்த ஒரு பரிசோதனை எங்களுக்கு மிக முக்கியமானது. தலைமயிரில் சிறிது வெட்டி எடுத்து, அதிலுள்ள கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஆபத்து நேரத்தில் ஓடவும் தாங்கவும் உடம்பைத் தயார்படுத்துவது கோர்ட்டிசோல்தான். மயிர் மாதத்திற்கு ஒரு சென்ரிமீற்றர் அளவு வளர்வதால், கடந்த சில மாதங்களில் உடம்பில் அது எவ்வளவு ஓடியது என்பதை மயிரில் பார்க்கலாம்.

சுனாமியால் அழிந்த ஊர்களில் இருந்த பெண்களுக்கு, அழியாத கரையோர ஊர்ப் பெண்களைவிட இந்த அளவு 14 வருடங்களுக்குப் பின்னும் குறைவாக இருந்தது. அனர்த்தத்தின் பின் இரண்டு வருடங்களாகப் பயமும் கெட்ட கனவும் திடுக்கிடலும் மாறாதிருந்த பெண்களிடத்தில் அது மிகவும் குறைந்திருந்தது. அப்படிக் குறைந்தவர்களே உடம்பும் மனமும் சரியில்லை என்று அதிகமாகச் சொன்னார்கள். 2023 இல் வெளியான இந்த முடிவுக்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுதான்: நீண்ட காலம் இடைவிடாமல் வேலை செய்த அந்த ஏற்பாடு களைத்துப்போய்விட்டது.

சகோதரிகளே, காரணம் தெரியாத களைப்பு என்று நாங்கள் சொல்வதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். அது சோம்பலும் அல்ல, மனதின் கற்பனையும் அல்ல. பட்டது உடம்பில் தங்கும் என்பதற்கு இப்போது சாட்சி இருக்கிறது. அச்சேயில் அளந்ததை எங்கள் கரையில் யாரும் அளக்கவில்லை. ஆகவே எங்கள் ஒவ்வொருவரின் களைப்பும் இதனால்தான் என்று முடிவெடுக்கக்கூடாது. இரத்தச் சோகையும் தைரொயிட் வருத்தமும் சீனி வருத்தமும்கூடக் களைப்பைத் தரும். ஆனால் வைத்தியரிடம் போகும்போது களைப்பை மட்டும் சொல்லாமல், நித்திரை, பயம், இழப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு இது போதுமான காரணம்.

வீடும் அயலும்

இன்னொரு ஆய்வு ஜப்பானில். மியாகி மாகாணத்தின் இவானுமா என்ற கரையோர நகரத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 2010 ஓகஸ்டில் ஒரு ஆய்வு நடந்தது. ஏழு மாதங்களில், 2011 மார்ச் 11 இல், பூமியதிர்ச்சியும் சுனாமியும் வந்தன. 2013 இல் ஏறக்குறைய 3,500 பேரைத் திரும்பவும் பார்த்தார்கள்.

வீடு அழிந்தவர்களுக்கு நினைவாற்றலும் அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனும் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தன. அயலவரோடு கூடிப் பேசுவது நின்றுபோனதும், மனச்சோர்வும் அதற்கு வழியாக இருந்தன. இன்னுமொன்றையும் கண்டார்கள். தற்காலிக வீடுகளுக்குச் சிலர் அயலோடு கூட்டமாகக் குடியேற்றப்பட்டார்கள், சிலருக்குக் குலுக்கலில் வீடு கிடைத்தது. கூட்டமாகப் போனவர்களிடம் பழைய பழக்கவழக்கம் நிலைத்தது. தனித்தனியாகப் போனவர்களிடம் அது குறைந்தது.

எங்கள் கரையில் வீடு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கு வீடு பெண்ணுக்குரியது. உம்மா மகளுக்கு வீடு கொடுக்கிறாள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். ஒரே வளவில் ராத்தா, தங்கச்சி, சாச்சி, பெரியம்மா என்று வேலிக்கு வேலி உறவு. ஒருத்திக்குச் சுகமில்லை என்றால் மற்றவள் கஞ்சியோடு வருவாள். வயது போன உம்மாவைப் பார்க்க வேறு ஏற்பாடு எங்களிடம் இருக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

2005 இல் கிழக்கின் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், அதற்குள் பல குடும்பங்கள் வெவ்வேறு வீட்டுத்திட்டங்களுக்குப் பிரிந்துவிட்டன. ராத்தா ஓரிடம், தங்கச்சி ஓரிடம். தொடர்மாடியின் மேல்மாடியில் முழங்கால் நோவோடு இருக்கும் ஒரு மூத்தம்மா நாட்கணக்கில் கீழே இறங்காமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கல்லும் சீமெந்தும் கிடைத்தன, வேலிக்கு அப்பால் நின்று பேசும் வாய் கிடைக்கவில்லை. இவானுமா ஆய்வைப் படிக்கும்போது, அந்த வேலிப் பேச்சும் ஒரு மருந்தாக இருந்ததே என்ற எண்ணம் எனக்கு வந்தது. பின்னேரம் பெண்கள் ஒன்றுகூடுவதை வெட்டிப் பேச்சு என்று யாரும் குறைசொன்னால், இந்த ஆய்வை எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் நாட்டின் கோட்டில் நாங்கள் எங்கே?

இலங்கையிலும் நல்ல நெடுங்கால ஆய்வு உண்டு. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஜப்பானிய நிறுவனமொன்றுடன் சேர்ந்து 2007 இல் ராகமயில் தொடங்கிய சுகாதார ஆய்வில், 35 முதல் 64 வயது வரையான ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்தார்கள். 2014 இல் அவர்களைத் திரும்பவும் அழைத்தார்கள். மதுவினால் அல்லாமல் ஈரலில் கொழுப்புப் படிந்தவர்களுக்கு, மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சீனி வருத்தம் மூன்று வருடங்களுக்குள் வந்ததென்று அதிலிருந்து தெரியவந்தது. ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு என்று சொல்லப்பட்ட சகோதரிகள் அதனை அலட்சியம் செய்யாமல் சீனியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ராகம மேல் மாகாணத்தில் உள்ளது. எங்கள் பகுதி பல வருடங்களாகப் புள்ளிகளிலும் விடுபட்டே வந்திருக்கிறது. 1981 இன் பின்னர் 1991 இல் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நடந்தது. அம்பாறை அதில் அடங்கினாலும் மட்டக்களப்பும் திருகோணமலையும் அடங்கவில்லை. நாடு முழுவதையும் எண்ணியது 2012 இல்தான். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய நீரிழிவு ஆய்வு, வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு அந்நோய் உண்டென்றும், அவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோருக்கு அது இருப்பதே தெரியாதென்றும் கண்டது. நாடு முழுவதும் பேசப்பட்ட அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன.

இதனிடையே நாடு முதுமையடைகிறது. 60 வயதைத் தாண்டியவர்கள் 1981 இல் நூற்றுக்கு 6.6 ஆக இருந்து, 2012 இல் 12.4 ஆனார்கள். பெண்களே அதிக காலம் வாழ்கிறோம் என்பதால், முதுமை என்பது பெரும்பாலும் பெண்களின் கதைதான். எங்கள் பகுதியிலோ அது விதவைகளின் கதையும் கூட.

நாங்களே ஒரு கோடு போடுவோம்

பெரிய ஆய்வு எங்களைத் தேடி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பெண்ணும் தன் உடம்பின் கோட்டைத் தானே போட்டுக்கொள்ளலாம். செலவு ஒரு அப்பியாசக் கொப்பி மட்டும்தான்.

முதல் பக்கத்தில் உங்கள் கதையை வருட ஒழுங்கில் எழுதுங்கள், அல்லது படிக்கும் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பிறந்த வருடம், பெற்ற பிள்ளைகள், இடம்பெயர்ந்த வருடங்கள், வீட்டில் நடந்த மௌத்துகள், மாதவிடாய் நின்ற வருடம், உம்மா வாப்பாவுக்கு இருந்த வருத்தங்கள். அடுத்த பக்கத்திலிருந்து கிளினிக் போகும் நாட்களில் திகதி, பிரஷர், சீனி, நிறை, குடிக்கும் குளிசை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எத்தனை மணித்தியாலம் நித்திரை, இந்த மாதம் எத்தனை வீட்டுக்குப் போய் இருந்து பேசினேன் என்பதையும் எழுதுங்கள். பழைய கிளினிக் கொப்பி முடிந்தால் அடுப்பில் போடாதீர்கள். முந்திய எண் இருந்தால்தான் இன்றைய எண்ணுக்கு அர்த்தம் உண்டு. சுனாமியில் எல்லாப் பத்திரங்களும் போய்விட்டன என்று சொல்வோர் இன்றைக்கே புதிதாகத் தொடங்கலாம்.

35 வயதைத் தாண்டியவர்கள் அரச ஆஸ்பத்திரிகளிலுள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகமும் கருப்பைக் கழுத்தும் பரிசோதிக்கப்படும். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். யுத்த காலத்தில் முகாமில் பிறந்த எங்கள் பிள்ளைகளும் இன்று இந்த வயதுக்கு வந்துவிட்டார்கள். 1944, 1945 பஞ்சத்தில் வயிற்றில் இருந்த ஒல்லாந்துப் பிள்ளைகளை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது, சீனியைச் சமாளிக்கும் சக்தி அவர்களின் உடம்பில் குறைந்திருந்தது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனாலும் பார்த்துக்கொள்வதில் நட்டமில்லை.

இத்தாவில் இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. நாலு மாதமும் பத்து நாளும் கிளினிக் போகாமல் பிரஷர் குளிசையை நிறுத்திவிடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். வைத்தியத் தேவைக்காக வெளியே போக அனுமதி உண்டு என்றே உலமாக்கள் சொல்கிறார்கள். துக்கத்தின் அந்த மாதங்களில்தான் உடம்புக்குக் கவனிப்பு அதிகம் தேவை.

கடைசியாக, நாளைக்கு யாராவது போர்மோடு உங்கள் வாசலுக்கு வந்தால் நாலு கேள்வி கேளுங்கள். என் பெயர் இரகசியமாக இருக்குமா? விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாமா? முடிவை எங்களுக்கு எங்கள் பாஷையில் சொல்வீர்களா? திரும்ப எப்போது வருவீர்கள்? பிரமிங்ஹாமில் பேரப்பிள்ளைகள் வரை கேட்டார்கள். அச்சேயில் 14 வருடம் கழித்தும் அதே பெண்ணைத் தேடிப் போனார்கள். எங்களிடமும் திரும்பி வரும்படி கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. அப்படி வரும்போது, எங்கள் கையில் எங்கள் கொப்பியும் இருக்கட்டும்.